காயலான் கடைக்குப் போன லேப்டாப்

"இதுல எது வெயிட்டு ஜாஸ்தி?"

லேப்டாப் வாங்க வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் சேல்ஸ் கவுன்ட்டரில் பல வருஷம் நின்றவள் நான். கேம் ஓடுமா, சீரியல் பார்க்கலாமா, பையனுக்குத் தெரியாமல் லாக் போடலாமா என்றெல்லாம் கேட்பார்கள். எடையைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பெயர் ஏழுமலை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் காயலான் கடை வைத்திருந்தார். பழைய இரும்பு, பித்தளை, ஓடாத மோட்டார் எல்லாம் வாங்கி, பிரித்து, எடை போட்டு விற்கிற தொழில். அவர் கணக்கில் கனமான பொருள்தான் நல்ல பொருள். ஷோகேஸில் இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கூட வந்த மகள் ரேவதிக்கு வெட்கம் தாங்கவில்லை.

"அப்பா, அது இன்னா தேங்காயா? கீழ வெய்ப்பா."

"நீ கம்முனு இரு. காத்தாட்டம் கீது. இத்த நம்பி எப்டி துட்டு குடுக்கறது?"

1. முதலாளியின் பெரிய மெஷின்

எங்கள் முதலாளி திருநெல்வேலிக்காரர். அவருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு கேமிங் லேப்டாப் பல மாதமாக ஷோகேஸை அடைத்துக்கொண்டு கிடந்தது. விலையும் அதிகம், எடையும் அதிகம். என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்.

"ஏம்மா, ஆளு வெயிட்டுல்லா கேக்காரு. அந்தப் பெருச எடுத்துக் காட்டு."

நான் காட்டவில்லை. ரேவதியிடம் திரும்பி, எதற்காக வாங்குகிறாய் என்று கேட்டேன்.

"இன்டர்வியூக்குக்கா. ஷிப்பிங் கம்பெனில டாக்குமென்டேஷன் வேலை. வீடியோ கால்ல கூப்ட்டாங்க, போன்ல பேசினேன், பாதியில ஹேங் ஆயிடுச்சு. கெஞ்சிக் கேட்டு திங்கக்கிழமைக்கு இன்னொரு டைம் வாங்கிக்கீறேன். இதுவும் போச்சுன்னா அவ்ளோதான்."

வேலை கிடைத்தால் எக்செல், மெயில், வீடியோ கால். அவ்வளவுதான் அவளுடைய தேவை. அதற்கு கிராபிக்ஸ் கார்டு எதற்கு? எட்டு ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., பதினாலு இன்ச் திரை, கரண்ட் போனாலும் தாங்குகிற பேட்டரி, பிறகு ரேம் கூட்டிக்கொள்ள ஒரு காலி ஸ்லாட். இதெல்லாம் இருந்த மெஷின் ஒன்றை எடுத்து வைத்தேன். நாலு வரி டைப் அடித்துப் பார்க்கச் சொன்னேன். பல பேர் வாங்கும்போது கீபோர்டைத் தொட்டே பார்ப்பதில்லை. கேமராவைத் திறந்து அவள் முகத்தை அவளுக்கே காட்டினேன். விலை, முதலாளி காட்டச் சொன்னதில் பாதி.

"நீ சொல்றியேன்னு வாங்கறேன்மா," என்றார் ஏழுமலை. "ஏடாகூடமா ஆச்சு, உன்னாண்டதான் வந்து நிப்பேன்."

முதலாளி அன்று சாயங்காலம் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2. திங்கட்கிழமை வந்த போன்

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கி சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏழுமலைதான்.

"இன்னாம்மா, டப்பா மெஷின தலைல கட்டிட்டியா? தொறந்து வெச்சா உடனே அணைஞ்சுபூடுது. பன்னண்டு மணிக்கு இன்டர்வியூ. புள்ள அழுதுகினு கீது."

முதலாளி காதிலும் விழுந்தது. "நான் அன்னைக்கே சொன்னம்லா," என்றார். சொன்னதில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மெஷினால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடக் கூடாதே. கடையில் இருந்த டெமோ லேப்டாப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழி முழுக்க கன்டெய்னர் டிரெய்லர்கள். சந்து கண்ட இடத்தில் நுழைந்து போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் சிக்னல் சரியாக வராது என்று காயலான் கடையின் பின்னறையில் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அங்கே பிராட்பேண்ட் இருந்தது. லேப்டாப்பை என் மடியில் வைத்துத் திறந்தேன். ஜம்மென்று ஓடியது. மேஜையில் வைத்தேன். திரை அணைந்தது. எடுத்தால் உயிர் வருகிறது, வைத்தால் போகிறது. சரி, மாற்றிவிடுவோம் என்று டெமோ லேப்டாப்பை அதே இடத்தில் வைத்தேன். அதுவும் அணைந்தது.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ரெண்டு மெஷினும் பேசி வைத்துக்கொண்டா கெட்டுப்போகும்? கோளாறு மேஜையில் இருக்கிறது. குனிந்து பார்த்தேன். லேப்டாப் வைக்கிற இடத்தில் துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்கள். துண்டுக்கு அடியில் தட்டையாக, வட்டமாக ஏதோ சில அடுக்கியிருந்தன.

"இது என்னண்ணே?"

"பழைய ஸ்பீக்கர் காந்தம்மா. கேமரா கீழ இருந்தா புள்ள மூஞ்சி சரியா தெரில. அதான் முட்டு குடுத்தேன். ஆடாம நிக்கும்."

லேப்டாப்பின் மூடிக்குள் சின்னக் காந்தம் ஒன்று உண்டு. கீழ்ப்பகுதியில் அதை உணர்கிற சென்சார் இருக்கும். மூடினால் காந்தம் கிட்டே வரும், மெஷின் தூங்கிவிடும். இவர் வைத்த காந்தங்களோ பழைய சினிமா கொட்டகை ஸ்பீக்கரிலிருந்து கழற்றியவை. எந்த மெஷினை வைத்தாலும் மூடியை மூடிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும்.

விஷயத்தைச் சொன்னதும் ரேவதி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். "யப்பா, கடைல வேற ஒண்ணுமே கெடைக்கலயா உனக்கு?" காந்தங்களை வெளியே எடுத்துப்போட்டு, அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தோம். அணையவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

3. சத்தம் போடாத காயலான் கடை

கால் ஆரம்பித்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மினி லாரி இரும்போடு வந்து நின்றது. ஏழுமலை ஓடிப் போய் அதன் முன்னால் கையை விரித்து நின்றார்.

"நைனா, ஒரு துண்டு கீழ வுழக் கூடாது. உள்ள எம் பொண்ணு இங்கிலீஷ்ல பேசிகினு கீது."

லோடு இறக்க வந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நானும் ஏழுமலையும் பின்னறைக் கதவுக்கு வெளியே நின்றோம். மகளுக்குப் பின்னால் அவர் ஒரு பெட்ஷீட்டைத் திரை மாதிரி கட்டியிருந்தார். பாதிப் பேச்சில் அதன் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. மூலையில் கிடந்த பழைய பைப்புகளும் பம்ப் செட்டும் தெரிந்தன. ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள் என்று லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது. ரேவதி திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாக ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"இன்னாம்மா சொல்லுச்சு?" என்று ஏழுமலை என் காதில் கேட்டார்.

"இது எங்கப்பா கடை, பழைய இரும்பு வியாபாரம், இதுலதான் என்னைப் படிக்க வெச்சார்னு சொல்றா."

அவர் எடைமேடையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே வேலை உறுதியானது. முதலாளியும், "சரி, சரி, ஒன் செலக்‌ஷன் மோசமில்ல," என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு கவுன்ட்டருக்கு வந்த புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ரேம் எவ்வளவு, விலை எவ்வளவு என்பது பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும். வாங்குகிறவர் அதை எங்கே வைத்துத் திறக்கப்போகிறார், யாருக்கு முன்னால் உட்காரப்போகிறார் என்பது எதிலும் அச்சடித்திருக்காது. அதை வாயைத் திறந்து கேளுங்கள். கேட்ட பிறகு மெஷினை எடுங்கள்.