கடற்கரைக்குப் போன கையுறைகள்

நேற்று வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. தம்பி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டரைத் தன் வயிற்றுப் பக்கமாக இழுத்தான். நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "பாம்பா?" என்றார். பாம்பு இல்லை, பழைய பழக்கம். "வெளிப்பக்கமா அறுடா" என்று வாங்கி நானே அறுத்தேன். புது அட்டையின் வாசனை வந்தது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது சேதராப்பட்டு வாசனை.

அங்கே ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில்தான் என் முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாதுகாப்புப் பிரிவில் உதவியாளர். அம்மா தெரு முழுக்க "பாப்பா ஆபீசரு" என்று சொல்லி வைத்திருந்தார், நானும் திருத்தவில்லை. பெட்டியின் ஓரத்தில் துருத்தும் அட்டையைப் பெண்கள் கட்டரால் சீவுவார்கள். அவர்கள் விரல் அறுபடாமல் பார்ப்பது என் பொறுப்பு.

அதற்காகவே பிளேடு சுலபமாக இறங்காத நீலக் கையுறைகள் கொடுப்போம். மறுநாளே எல்லோரும் வெறுங்கை. கேட்டால், "வேர்க்குது மேடம்", "தோய்ச்சிப் போட்டுருக்கேன் மேடம்". அடிக்கடி யாராவது விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். மேனேஜருக்குக் கோபம். "போடாதவங்களுக்கு எதுக்கும்மா கிளவுஸ்? இந்த மாசத்தோட நிறுத்திடலாம்." நிறுத்தினால் பிளேடுக்கும் விரலுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. 

சீவும் மேசையில் அமுதா அக்கா என்று ஒருவர். கடலோர மணப்பட்டுக்காரர், நல்ல வாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிடக் கூப்பிட்டார். குழம்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சாப்பிட்டதும் கடலைக் காட்ட அழைத்துப் போனார். அது வலை இழுக்கும் நேரம் என்பதை மறந்துவிட்டார் போல. கரைவலைக் கயிறு நெடுக வரிசையாக நீலக் கைகள்!

"வாங்க மேடம்!" ஒரு நீலக் கை உயர்ந்தது. அக்காவின் கணவர். "ஒங்க கம்பெனி கிளவுஸ் சூப்பரு! கயிறு கையக் கிழிக்கிறதே இல்ல!"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "இந்த ஆளுக்கு வாய மூடவே தெரியாது. இன்னா பண்றது மேடம், நல்ல சாமான் ஒண்ணு கைக்கு வந்தா வூட்டு ஆளு நெனப்புதான வருது?"

சிரித்துவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில், கரும்பு வெட்டப் போய்ச் சோகை கீறிக் கீறிக் காய்ப்புப் பிடித்த அப்பாவின் கைகள் ஞாபகம் வந்தன.

மறுநாள் மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். தேய்ந்து பழசானதைக் குப்பையில்தானே போடுகிறோம், அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார். அப்புறம் பார்க்கவேண்டுமே! பழசாக்குவதற்காகவே போட்டி போட்டுக்கொண்டு மாட்டினார்கள். டீ குடிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. "இன்னாடி, ஒன்னுது மட்டும் இன்னும் புதுசாவே இருக்குது? வேல செய்றியா இல்லியா?" என்று கேலி வேறு. ஒரு பழைய ஜோடி எங்கள் அப்பாவுக்கும் போனது.

ஒரு நாள் அமுதா அக்காவின் கட்டர் வழுக்கி இடது கட்டைவிரலில் ஏறியது. ஓடினேன். கையுறை கிழிந்து நூல் தொங்கியது. கழற்றினால், விரலில் வெள்ளையாக ஒரு கோடு. ரத்தம்கூட இல்லை. அக்கா விரலைப் பார்க்கவே இல்லை. கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அய்யோ, நாளைக்கு வூட்டுக்குப் போவேண்டியது மேடம்! பாழாப் போச்சே!"

இப்போது அந்த மேசைகள் இல்லை. ஓரம் சீவ மெஷின் வந்து, பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அக்கா பாகூரில் மீன் விற்கிறார் என்று கேள்வி. நான் வேறொரு கம்பெனியில் நிஜமாகவே ஆபீசர். இங்கே அலமாரி நிறையக் கையுறைகள். எதுவும் காணாமல் போவதில்லை. சாயங்காலம் பூட்டும்போதெல்லாம், ஒரு ஜோடியாவது குறையாதா என்று பார்க்கிறேன்.