சாரலில் காயாத பிள்ளைத்துணி

குழல்வாய்மொழியை மேலகரத்தில் கட்டிக்கொடுக்கப் பேசியபோது, தரகர் அந்த ஊருக்கு ஒரே ஒரு பெருமைதான் சொன்னார். "குத்தாலம் பக்கத்துலேயே இருக்கு தாயி. மெட்ராஸ்காரன்லாம் ரயிலேறி வந்து சாரல்ல நனைதான். ஒனக்கு வாசல்லயே கெடைக்கும்."

அவர் சொன்னதில் துளியும் பொய் கிடையாது. ஆனி பிறந்ததும் கிடைக்கத் தொடங்கியது, ஆவணி முடியும் வரைக்கும் கிடைத்துக்கொண்டே இருந்தது. வாசலில் மட்டுமல்ல, ஓட்டுச் சந்து வழியாக அடுப்படியிலும் கிடைத்தது. அவள் பிறந்த சுந்தரபாண்டியபுரத்தில் துவைத்த சேலையை வேலியில் விரித்துவிட்டுத் திரும்பினால் அப்பளமாகியிருக்கும். மேலகரத்தில் ஆடி மாதம் கொடியில் போட்ட சேலை, போட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈரத்தோடு திரும்பி வரும்.

இப்படிப்பட்ட ஊரில், ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆனி மாதக் கடைசியில், சாரல் நல்ல மும்முரத்தில் இருந்தபோது அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். மூத்தவன் நல்லகண்ணுவுக்கு அப்போது ஒன்றரை வயது. அவன் ஒரு மாதமாகத்தான் அவசரம் வந்தால் கொல்லைப்பக்கம் கை காட்டப் பழகியிருந்தான். தங்கச்சி தொட்டிலில் கிடந்து துணியோடு சகல காரியத்தையும் முடிப்பதையும், அதற்கு வீடே ஓடி வந்து கொஞ்சுவதையும் இரண்டு நாள் உற்றுப் பார்த்தான். மூன்றாம் நாள் கை காட்டும் உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டான். பாயில் போனான், அரிசிச் சுளகில் போனான். ஒருநாள் அப்பாவின் மடியிலும் போனான்.

அந்த அப்பாவின் பெயர் பரமசிவன். தென்காசி போகிற வழியில் இருந்த அரிசி மில்லில், உமி போட்டு எரிக்கிற பாய்லருக்கு அவர்தான் பொறுப்பு. பாய்லரைப் பற்றி அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்தார். மடி நனைந்ததும் பிள்ளைத்துணி பற்றியும் ஒன்று உண்டாயிற்று.

"இதுக்குன்னு ஒரு முறை இருக்குட்டி. நம்ம ஆளுகளுக்குத் தெரியாது" என்றார்.

முறை தெரிந்தவர் தென்காசிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த துல்கர்னைன். கொழும்பில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே துரைசானிகள் பிள்ளைக்கு என்ன கட்டுவார்கள் என்று அவர் விவரமாகச் சொல்ல, பரமசிவன் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, கனமான துருக்கி டவல் ஒரு கட்டும், பெரிய பெரிய ஊக்குகளும், மேலே மாட்டுவதற்கு இரண்டு பிளாஸ்டிக் ஜட்டியும் வாங்கிக்கொண்டு வீடு வந்தார். அவற்றைப் பாயில் பரப்பி, டவலை முக்கோணமாக மடித்துக் காட்டினார். முதல் மடிப்பு கொழுக்கட்டை மாதிரி வந்தது. இரண்டாவது தலைப்பாகை மாதிரி வந்தது.

"துரைசானிக்கு இதைத் தொவைக்கதுக்கு ஆள் இருந்துச்சான்னு கேட்டியளா?" என்றாள் குழல்வாய்மொழி.

அதை அவர் கேட்கவில்லை. முக்கியமான சங்கதிகளை மட்டும்தான் கேட்டிருந்தார்.

பிளாஸ்டிக் ஜட்டி ஒரு சொட்டுக்கூட வெளியே விடவில்லை. வாக்குத் தவறாத சாமான். உள்ளே நின்றதெல்லாம் உள்ளேயே நின்று, சாயங்காலத்துக்குள் பெண்பிள்ளையின் தொடை மிளகாய்ப்பழம் போலச் சிவந்துவிட்டது. அது அழுத அழுகையில் குழல்வாய்மொழியும் சேர்ந்து அழுதாள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே ஜட்டி இரண்டையும் கொல்லையில் வீசினாள். நல்லகண்ணு ஒன்றைப் பொறுக்கித் தலையில் மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனான். அது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்து டவல். நன்றாகத்தான் உறிஞ்சியது. உறிஞ்சியதைத் திரும்பக் கொடுக்கத்தான் அதற்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை துவைத்தது வியாழக்கிழமையும் சொதசொதவென்று தொங்கியது. கொடியிலும், சன்னல் கம்பியிலும், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியிலும் டவல். வீட்டுக்குள் குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. ஈர வாடை சோற்றில்கூட ஏறியது.

ஒத்தாசைக்கென்று வந்திருந்த பரமசிவனின் அக்கா முப்பிடாதியம்மாள், ஒத்தாசையை வாயால் மட்டும் செய்கிறவள். "துணியே எதுக்குட்டி? நான் ஆறு பெத்தேன். ஒண்ணுக்காவது துணி கட்டுனேனா? தரையில விட்டேன், தானா வளந்துச்சு" என்றாள்.

"உங்க வீட்டுத் தரைதான் நான் பாத்திருக்கேனே மதினி" என்றாள் குழல்வாய்மொழி. மதினி அன்றைக்குச் சீக்கிரமே புறப்பட்டுவிட்டாள்.

கேட்பதற்கு ஆளில்லாமல் போனதும் அவளே யோசித்தாள். எந்தத் துணி நன்றாக உறிஞ்சும், எது பார்க்க அழகு என்பதெல்லாம் வெயில் அடிக்கிற ஊர்க்காரர்கள் கவலை. எது சீக்கிரம் காயும்? டவலில் ஒரு துண்டு, காடாத்துணியில் ஒரு துண்டு, பரமசிவனின் நைந்த வேட்டியில் ஒரு துண்டு, மூன்றையும் நனைத்துப் பிழிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். சோறு கொதித்து வடிக்கும்போது தொட்டுப் பார்த்தாள். வேட்டி மொறுமொறுவென்றிருந்தது. காடா யோசித்துக்கொண்டிருந்தது. டவல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் பழைய வேட்டிக்கு எங்கே போவது? உமிக் கங்கு தெறித்துத் தெறித்து பரமசிவனின் வேட்டிகள் சல்லடையாக இருந்தன. ஓட்டையை விட்டுக் கிழித்ததில் சின்னவளுக்கு மட்டும்தான் தேறியது. மூத்தவனும் தனக்குத் துணி வேண்டும் என்று படுத்து உருண்டான். இரண்டு பிள்ளைக்கும் முறை வைத்துக் கட்ட வேண்டுமென்றால் வீட்டில் முழுசாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். டிரங்குப் பெட்டியின் அடியில், பூச்சி உருண்டையோடு இருந்த எட்டு முழம். மெலிந்த நூல், பூப்போன்ற துணி. கோயிலுக்கும், முதலாளி வீட்டு விசேஷத்துக்கும் மட்டும் பரமசிவன் உடுத்துவது.

அவர் மில்லிலிருந்து வந்தபோது அதன் கரையை மட்டும் தனியே கிழித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! அது என் கல்யாண வேட்டிலா!"

"கல்யாணம் பண்ணதுனாலதான இந்தத் துணிக்கு வேல வந்துச்சு. பிடிங்க, அந்த முனைய."

அவர் முனையைப் பிடித்தார். கிழிகிற சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார்.

வேட்டித் துணி இரண்டு பிள்ளைகளுக்கும் ஒத்துக்கொண்டது. சின்னவளின் தொடைப் புண் ஆறியது. இருந்தாலும் ஒற்றை அடுப்பு எத்தனை துணியைத்தான் காயவைக்கும்? ஒருநாள் பரமசிவன் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போக, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளே மில்லுக்குக் கொண்டுபோனாள். பாய்லர் ரூமுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். மேலகரத்து மழைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு உலகம் அங்கே இருந்தது. சுவரோரமாக ஓடிய ஆவிக் குழாயின் மேல் பரமசிவனின் தோள் துண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். சுந்தரபாண்டியபுரத்து வேலியில் காய்ந்த மாதிரி சுடச்சுட இருந்தது.

"நாலு வருசமா இதை எங்கிட்ட சொல்லல, பாத்தியளா" என்றாள். பொங்கி வந்த கோபத்தில் தூக்கை டங்கென்று வைத்தாள்.

மறுநாள் முதல் பரமசிவன் மில்லுக்குப் போகும்போது குடையை விரிக்காமல் நனைந்துகொண்டே போனார். குடைக்குள் பிழிந்த பிள்ளைத்துணி ஒளிந்திருந்தது. உடன் வேலை பார்க்கிறவர்கள், நல்ல மழையில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற மனிதனை இரண்டு நாள் மரியாதையாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கேட்டார்கள். நாலாம் நாள் அவர்கள் வீட்டுத் துணியும் வந்துவிட்டது. "அண்ணாச்சி, சும்மா கெடக்க குழாய்தான" என்று சொல்லிக் குழாயின் மறுகோடியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொன்ன மனிதர், எந்த மடிப்பு யார் வீட்டுப் பிள்ளையுடையது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துசேர்ந்தார்.

அப்படியிருக்க, மில் முதலாளி வல்லிநாயகம் ஒருநாள் கொல்லத்து அரிசி வியாபாரி ஒருவரை மில் சுற்றிக் காட்ட அழைத்துவந்தார். பாய்லர் ரூம் கதவைத் தள்ளினால், சுவரோடு சுவராக வெள்ளைக் கொடிகள்.

"எந்தா இது?" என்றார் வியாபாரி.

முதலாளி ஒரு மூச்சு விட்டார். "குழாய்ல சூடு எறங்காம இருக்க மூடி வச்சிருக்கு. புது ஏற்பாடு" என்றார். வியாபாரி ஒரு துணியைத் தொட்டுப் பார்த்து, மிருதுவாக இருப்பதாகப் பாராட்டினார்.

அவர் போன பிறகு முதலாளி பாராட்டவில்லை. "மில்லா நடத்துதேன், வண்ணான் தொறையா? சாயங்காலம் வீட்டுக்கு வா, கணக்கத் தீத்துருதேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

பரமசிவன் வீட்டுக்கு வந்து சொன்னதைக் குழல்வாய்மொழி கேட்டாள். சின்னவளுக்குத் துணி மாற்றிவிட்டு, மகனைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "நானும் வாரேன். ஏசுதத என்னைய ஏசட்டும்" என்று புறப்பட்டாள். வழி முழுக்கச் சாரல். இரண்டு பிள்ளைகளும் வழியிலேயே துணியை நனைத்துவிட்டார்கள்.

முதலாளி வீட்டு வாசல் கூடம் கொள்ளாமல் கொடி கட்டியிருந்தது. அதில் சொட்டச் சொட்டத் துருக்கி டவல்கள். உள்ளே ஒரு பச்சைப்பிள்ளை வீல்வீலென்று கத்தியது. ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. முதலாளி இருவரையும் பார்த்தார், தொண்டையைச் செருமினார், உள்ளே போனார். அவர் சம்சாரம்தான் வெளியே வந்தாள். கையில் பெரிய ஈர மூட்டை.

"பரமசிவா, காலையில முதல்ல இதைப் போட்டுரு. மத்ததெல்லாம் பொறவு" என்றாள். பிறகு குழல்வாய்மொழியைப் பார்த்து, குரலைத் தணித்து, "ஏட்டி, பிள்ளைக்குத் தொட செவந்துபோச்சு. நீ என்ன கெட்டுத?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டு மொதலாளி உடுத்துத எட்டு முழம் இருக்கும்லா அம்மா. பழசா, நல்லதா ஒண்ணு பாத்து எடுங்க" என்றாள் குழல்வாய்மொழி. "நான் மறுமுனையப் பிடிச்சுக்கிடுதேன்."

உள்ளேயிருந்து வல்லிநாயகம் இருமினார். அது சம்மதமா எதிர்ப்பா என்று யாரும் நின்று விசாரிக்கவில்லை.

அந்த வருஷம் சாரல் முடிகிற வரைக்கும், குழாயின் நடுப்பகுதி முதலாளி வீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. வேலை போகவில்லை, சம்பளமும் கூடவில்லை. நல்லகண்ணு தானாகவே புரட்டாசியில் மறுபடியும் கொல்லைப்பக்கம் கை காட்டத் தொடங்கினான். அதற்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன் என்று பரமசிவன் மில்லில் சொல்லிக்கொண்டார்.

குழல்வாய்மொழி மூன்றாவது பிள்ளையை அறுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில், மண்டை பிளக்கிற வெயிலில் பெற்றாள். "இந்தக் கொதியிலயா பிள்ள பெறணும், பாவம்" என்று மருத்துவச்சி இரக்கப்பட்டாள்.

"பாவம்லாம் ஒண்ணுமில்ல. நான் மாசம் பாத்துத்தான் பெத்தேன்" என்று சொல்லிவிட்டு, குழல்வாய்மொழி பிள்ளையின் பக்கம் திரும்பிப் படுத்தாள்.