பின் சீட்டில் பழகிய பதில்கள்

எனக்கும் கணவருக்கும் வேலை, வீட்டில் இரண்டு குழந்தைகள். உட்கார்ந்து பேச நேரமே இருக்காது. அதனால் ஃபைனான்ஷியல் அனலிஸ்ட் இன்டர்வியூவுக்கான பயிற்சியை, ஈஜிபுராவிலிருந்து ஆபீஸ் போகும் வழியிலேயே வைத்துக்கொண்டோம். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே அவர் கேட்பார். பின்னாலிருந்து நான் பதில் சொல்வேன்.

"டிப்ரிசியேஷன் ஏறினா கேஷ் என்னாகும்?"

"லாபம் குறையும், டேக்ஸும் குறையும், அதனால கேஷ் ஏறும்!"

பஸ் ஹாரனை மீறிக் கத்தினால்தான் ஹெல்மெட் போட்ட அவர் காதில் விழும்.

இன்டர்வியூவிலும் அதே கேள்வி வந்தது. வந்த சந்தோஷத்தில் பதிலைக் கடகடவென்று சொன்னேன். எதிரே இருந்த மேனேஜர் அம்மா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் கத்தியது எனக்கே உறைத்தது. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன்.

மேனேஜர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "பதில் சரிதான். ஹெல்மெட்டைக் கழட்டிட்டு இன்னொரு தடவ சொல்லுங்க."

அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது சாப்பிட்டு முடித்ததும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, மெதுவாகப் பேசிப் பழகுகிறோம். முதல் நாள் பெரிய அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார் என் கணவர். இத்தனை நாள் ரோட்டைப் பார்த்தே கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை மறந்துவிட்டார்.

"நீ இப்படிப் பாத்துட்டே இருந்தா நான் எப்படிம்மா கேக்கறது?"

- ஒரு வாசகி, பெங்களூரு