வண்டிப்படியின் சின்னக் கல்

நான் ஒரு கல்லைத் திருடினேன். அதைவிடப் பெரிய தப்பு, இன்னொருவர்மேல் அந்தப் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் நியூஜெர்ஸியில், வெஸ்ட் வின்ட்சருக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் கட்டிய சிற்றூர். அதன் நடுத்தெருவை யாரும் மாற்றவில்லை. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி, பாதி புதைந்த மைல்கல், சுவர்களில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள். பழைய சத்திரத்தின் வாசலில் ஒரு வண்டிப்படி. குதிரை வண்டியில் ஏறுவதற்காகப் போட்டது. பெரிய கல் ஒன்று, அதன் கீழே சின்னக் கல் ஒன்று. பனி தள்ளும் லாரி இடித்து, சின்னக் கல் பெயர்ந்து கிடந்தது.

சத்திரத்தில் அப்போது காபிக் கடை நடந்தது. நாள்பட்ட வாடிக்கைக்காரர்களின் கோப்பைகள் கல்லாவுக்குப் பின்னால் ஆணிகளில் தொங்கும். சனிக்கிழமைதோறும் போகும் எனக்கும் ஓர் ஆணி உண்டு. அடுத்த ஆணி, ஊரின் பழைய கட்டடங்களைக் காக்கும் குழுவை நடத்திய மூதாட்டியுடையது. படியில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள், எடுக்க வேண்டும் என்பார் கடைக்காரர். தன் உயிர் போனாலும் விடமாட்டேன் என்பார் அந்த அம்மாள். தினமும் இந்தச் சண்டையோடுதான் இருவருக்கும் காபி இறங்கும்.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கோயில் மண்டபத்தில் எல்லாம் இருந்தது, அம்மியைத் தவிர. “செங்கல் போதும் சார், இங்க எல்லாரும் அதான் வைக்கறா” என்றார் ஐயர். சம்பந்தி போனில் சிரித்தார்: “கம்ப்யூட்டர் கீபோர்டு மேல கால வைக்கச் சொல்லுங்க சம்பந்தி, அமெரிக்க அம்மி!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் மச்சினனைக் கூட்டிக்கொண்டு சத்திரத்து வாசலுக்குப் போனேன்.

“அத்தான், இது யாரு கல்லு?”

“ரோட்டோரக் கல்லுடா. திங்கக்கிழமை திருப்பி வச்சிரலாம். பிடி.”

“போலீஸ் வந்தா நான் மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு சொல்லிருவேன்.”

மறுநாள் மஞ்சள் பூசிய அந்தக் கல்மேல் மகள் கால் வைத்தாள். “அப்பா, இட்ஸ் ஃப்ரீஸிங்!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை கல்லை டிக்கியில் வைத்துக்கொண்டு போனேன். சத்திரத்தின் முன் போலீஸ் கார் நின்றது. மூதாட்டி கடைக்காரரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்: “எடுக்கச் சொல்லி இத்தனை நாள் கேட்டாய். இப்போது நீயே எடுத்துவிட்டாய்!” நான் காரின் வேகத்தைக் குறைத்தேனே தவிர, நிறுத்தவில்லை. என் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் எல்லாம் போச்சு என்ற பயம். கல் எங்கள் கராஜில் பழைய ஜமுக்காளத்துக்கு அடியில் போயிற்று.

மூதாட்டி கடைக்கு வருவதை நிறுத்தினார். அவருடைய குழுவினரும் நிறுத்தினார்கள், பிறகு பாதி ஊரும். ஒரு சனிக்கிழமை கடைக்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “என்னைத் திருடன் என்கிறார்கள். நீங்களாவது என்னை நம்புகிறீர்களா?”

“நம்புகிறேன்” என்றேன். என்னைவிட அதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் அந்த ஊரில் யாருமில்லை.

அடுத்த வருஷம் கடை ஜன்னலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கியது. அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம், “சொல்லிடப் போறேன்” என்றேன்.

“சிட்டிசன்ஷிப் வரட்டுமே. இவ்வளவு நாள் சும்மா இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானே?”

“அதுக்குள்ள அவர் கடை போயிரும்.”

“அப்ப கல்லக் கழுவிட்டுக் கொண்டுபோங்க. மஞ்சளோட குடுத்தா அசிங்கம்.” எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் முழுதாகப் போகவில்லை.

முதலில் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த மேசையைத் துடைத்து முடித்தார். “என்னிடம் சொல்லி என்ன பயன்? அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.”

சொன்னேன். டவுன்ஷிப் கூட்டத்தில் எழுந்து நின்று, எதையும் மறைக்காமல் சொன்னேன். மூதாட்டி மட்டும் கேட்டார்: “அது உங்களுக்கு எதற்கு?”

“கல்யாணத்தில் என் மகள் அதன்மேல் கால் வைக்க.”

“கால் வைக்கத்தானே அந்தக் கல்! கேட்டிருந்தால் நானே உங்கள் காரில் ஏற்றிவிட்டிருப்பேனே.” பிறகு அவர் திரும்பிப் பார்த்தது கடைக்காரரை.

கல்லைப் பதித்த கொத்தனாருக்கு நான் கூலி கொடுத்தேன். கேஸ் போடவில்லை. ஆனால் போலீஸ் எழுதிக்கொண்டது. என் குடியுரிமை வெகுநாள் இழுத்தது. அதில் எனக்குக் குறையில்லை. கூட்டத்துக்கு மறுநாள் காலை மூதாட்டி கடைக்குள் போய், தன் கோப்பையைத் தானே ஆணியிலிருந்து எடுத்து நீட்டினாராம். அந்த வாரமே பலகை இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கடைக்காரர் என் கோப்பையை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். “உங்களுக்கு இனிமேல் காகிதக் கப்தான்.”

சரி என்றேன். சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை. வெளியே படியருகில் நின்று குடிப்பேன். பனிக்காலத்தில் லாரி வருவதற்கு முன்னால் மண்வெட்டியோடு போய், இரண்டு கல்லும் கண்ணில் படுகிற மாதிரி பனியை ஒதுக்கி வைப்பேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். ஒருநாளும் கையசைத்ததில்லை.