திங்கட்கிழமை வந்த படம்

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், இத்தனை வருடத்தில் ஒரு பாயும் என்னோடு ஒட்டியதில்லை. யாராவது பேயைக் கண்டேன் என்று வந்தால் நான் முதலில் கேட்பது, என்ன திகதி, என்ன கிழமை, அன்று நிலவு இருந்ததா என்பதுதான். பாதிப் பேய் அந்தக் கேள்விக்கே ஓடிவிடும். ஆகவே இதைப் படிக்கும்போது உங்கள் முகத்தில் வருகிற சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்புத்தான், நான் பலரைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே கேளுங்கள், எனக்கு மனவருத்தமில்லை.

திகதி, 2009 மே 18. கிழமை, திங்கள். நேரம், பட்டப்பகல். நிலவும் இல்லை, இருட்டும் இல்லை. என் வீட்டில், கல்லடியில், வாவிப் பக்கத்து அறையில் நடந்தது.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் எப்போது வெள்ளம் வந்தது, எப்போது சூறாவளி அடித்தது, எந்தக் கோயில் தேர் எந்த வருடம் ஓடாமல் நின்றது என்பதையெல்லாம் திகதிவாரியாகத் திரட்டுவது என் பைத்தியம். அது எல்லாம் கணினியில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் டெஸ்க்டொப்பில், அதாவது திரையின் முகப்பில், ஒரு ஷோட்கட் போட்டு வைப்பேன். ஷோட்கட் என்பது கோப்பு அல்ல. கோப்பு இருக்கிற இடத்தைக் காட்டுகிற ஒரு சின்னப் படம், மூலையில் வளைந்த அம்புக்குறியோடு இருக்கும். என் மனைவி சரோ அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, கடலைக்காரன் கடதாசிச் சரை அடுக்கி வைத்த மாதிரிக் கிடக்கிறது என்பாள்.

இனி பூமணி. இப்போது எங்கள் பின்வேலிக்கு அப்பால் இருப்பவள், முன்பு கடற்கரைப் பக்கம் இருந்தாள். உறவில்லை, ஆனால் என்னை அண்ணன் என்பாள், சரோவை மச்சாள் என்பாள். கணவன் இல்லாதவள். ஒரே பிள்ளை நிரோசா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கடலுக்குக் கிட்டவே இருந்த ஒரு கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை, அந்தப் பிள்ளை ஒரு சீடியோடு என்னிடம் வந்தாள். வகுப்பில் யாரோ அவளைப் புதுக் கமெராவில் படம் பிடித்தார்களாம், அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும், அவர்களுக்குத் தெரிந்தவர்களில் கணினி இருந்தது என் வீட்டில்தான்.

போட்டுப் பார்த்தேன். உள்ளே நிரோசா என்ற பெயரில் ஒரு ஷோட்கட் மட்டும் கிடந்தது. வகுப்புக் கணினியின் டெஸ்க்டொப்பில் இருந்த ஷோட்கட்டை இழுத்து சீடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், படம் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் விட்ட பிழைதான் அது. வந்தாறுமூலைக் கெம்பஸில் பட்டம் படிக்கிற பிள்ளைகள்கூட ஆய்வுக்கட்டுரை என்று சொல்லி வெறும் அம்புக்குறியைக் கொண்டு வந்து என் மேசையில் முழித்திருக்கிறார்கள். வீட்டைக் கொண்டு வரச் சொன்னால் விலாசத்தைக் கொண்டு வந்திருக்கிறாய் பிள்ளை என்றேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அம்மாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க மாமா, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. திங்கக்கிழமை சரியான படத்தக் கொண்டு வாறன்.”

ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. பௌர்ணமி நாள். பூமணி வாவிக்கு அந்தப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். நிரோசா கிடைக்கவில்லை. வீடு இல்லை, அல்பம் இல்லை, வகுப்புக் கட்டடம் இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மணல் மூடிக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கும் தண்ணீர் வந்தது, மேசையைத் தொடவில்லை. பிறகு உறவுக்காரரின் கலியாண அல்பங்களில் தேடினோம். ஒன்றில் அவளுடைய தோள், இன்னொன்றில் பின்தலை. அந்தப் பிள்ளையின் முகம் இருந்த ஒரு படம்கூட உலகத்தில் மிஞ்சவில்லை, நம்பினால் நம்புங்கள், கடலோரத்தில் அப்படி எத்தனையோ பேர். உடலும் இல்லை, படமும் இல்லை, முகம் இல்லாமல் யாருக்குப் படைக்கிறது என்று சொல்லி பூமணி முப்பத்தோராம் நாள் படையலான அமுதும் கொடுக்கவில்லை.

அன்று சீடியிலிருந்து எடுத்து வைத்த அந்த ஷோட்கட் மட்டும் என் டெஸ்க்டொப்பில் இருந்தது, பூமணி படம் கேட்டு வந்தபோது பிள்ளை விட்ட பிழையை அவளுக்குச் சொல்லவேண்டி வந்தது. அழிக்க மனம் வரவில்லை. கணினியை மாற்றினபோதும் மற்றவற்றோடு சேர்த்து அதையும் புதியதுக்குக் கொண்டு வந்தேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், மட்டக்களப்பு ரவுனில், பட்டாசு வெடித்த சத்தம் வாவிக்கு மேலால் வந்தது. எங்கள் தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. மத்தியானத்துக்குப் பிறகு பூமணி பின்வேலிக் கடப்பால், வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியால், வந்தாள். வந்து அறை வாசலில் நின்றாள், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“காலையில இருந்து டீவீயில சண்டைக்குள்ள இருந்த சனத்த முகம் முகமாக் காட்டுறாங்க அண்ணன். எல்லா முகமும் வருகுது. என்ட பிள்ளையிட முகம் வருகுதில்ல.”

எனக்கு விளங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் நடை வருகிறது, குரல் வருகிறது, சட்டை வருகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை என்றாள். முந்தாநாள் இருந்ததாம். இன்றைக்கு அந்த முகங்களையெல்லாம் பார்த்த பிறகு போய்விட்டதாம். அவள் அழவில்லை, காய்ச்சல் வந்தவள் போல நின்றாள்.

“அவள் தந்த அந்த அம்புக்குறியையாவது காட்டுங்க.”

அதில் படம் இல்லை தங்கச்சி என்றேன். தெரியும் என்றாள், பெயரையாவது பார்க்கிறேன் என்றாள்.

சரைக் கடைக்குள் அதை எங்கே தேடுவது? புதிய கணினியில் தேடும் பெட்டி ஒன்று உண்டு, பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினால் கோப்பைக் கொண்டு வந்து தரும். தட்டினேன். ஒன்றும் இல்லை என்றது. வேறு ஒரு ஷோட்கட்டின் பெயரைத் தட்டினேன், அதுவும் இல்லை. அப்போதுதான் காரணம் பிடிபட்டது. வைரஸ் வந்து கணினியின் முதல் வன்தட்டு அழிந்தாலும் டெஸ்க்டொப் தப்பட்டும் என்று நான் அதை இரண்டாம் தட்டுக்கு மாற்றி வைத்திருந்தேன். தேடும் பெட்டி தனக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கும், அந்த அட்டவணையில் உள்ள இடங்களில் மட்டும்தான் தேடும், இரண்டாம் தட்டு அதில் இல்லை. என் கண் முன்னால் திரை நிறையக் கிடப்பது அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

கணினியின் அமைப்புகளுக்குள் போய், அட்டவணையில் சேர்க்கும் இடங்களில் டெஸ்க்டொப் இருந்த கோப்புறைக்குச் சரி போட்டேன். கோப்பு வகைகளில் ஷோட்கட்டுக்கு உரிய வகையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு அட்டவணையைப் புதிதாகக் கட்டும்படி கொடுத்தேன். அது மெதுவாக நடக்கிற வேலை. சரோ பால் விடாத பிளேன்ரீ கொண்டு வந்தாள், பூமணியைக் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

“இந்த மனிசனுக்குக் கொம்பியூட்டர்தான் ரெண்டாம் தாரம். நான் கேட்டா மூக்குக் கண்ணாடியும் தேடித் தரமாட்டார், உனக்குத் தேடித் தருவார் இரு.”

பூமணி கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன். மறுபடியும் பட்டாசு.

அட்டவணை முடிந்தது. பெயரைத் தட்டினேன். இரண்டு வந்தது.

இரண்டும் நிரோசா. இரண்டும் ஷோட்கட். இரண்டும் டெஸ்க்டொப்பில் இருப்பதாகத்தான் காட்டியது. நான் வைத்தது ஒன்று, அதன் திகதி 2004 டிசம்பர் 24. மற்றதில் 2004 டிசம்பர் 27 என்று இருந்தது. கிழமை பார்க்க எனக்குக் கலண்டர் தேவையில்லை, அது திங்கட்கிழமை. அந்தத் திகதியில் நான் சேற்றுக்குள் நின்று ஆள் தேடிக்கொண்டிருந்தேன், ஊரில் மின்சாரம்கூட இல்லை. சரி, ஏதோ கணினியின் பிசகு என்று நினைத்துக்கொண்டுதான் அழுத்தினேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

படம் திறந்தது.

நிரோசா. திரை நிறைய. வாவிக்கரையில் நிற்கிறாள், தலைமயிர் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருக்கிறது, பொத்தின கையை அப்போதுதான் எடுத்தவள் போலச் சிரிப்பு முகத்தில் மிச்சம் இருக்கிறது. என்னிடம் சீடி கொண்டு வந்த அதே வயது. பூமணி கதிரையிலிருந்து எழும்பி, திரைக்குக் கிட்டப் போய், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள், புருவத்தில் கிணற்றுக்கட்டு வெட்டின தழும்பு, ஒரு பக்கம் தூக்கின பல்லு, காதில் சின்னத் தோடு. மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி. சரோவும் கிட்ட வந்து பார்த்தாள். ஆகவே நான் ஒருவன் கண்டதல்ல, மூன்று பேர் கண்டோம்.

நான் மற்றவற்றைப் பார்த்தேன், என் குணம் அப்படி. பிள்ளைக்குப் பின்னால் எங்கள் இரும்புப் பாலம். அதன் பக்கத்தில், ஒட்டினாற்போல, இன்னொரு பாலம். அகலமாக, இரும்புக் கூடு இல்லாமல், விளக்குக் கம்பங்களோடு. பிள்ளையின் தோளில் ஒரு பெண்ணின் கை இருந்தது. ஆள் படத்துக்கு வெளியே, கையும், கடுகு நிறச் சீலையில் சிவப்புக் கரையும் மட்டும் தெரிந்தது.

“பக்கத்தில நிக்கிறது ஆர் அண்ணன்?” என்று பூமணி கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அச்செடுத்துத் தருகிறேன் இரு என்று சொல்லி, முதலில் படத்தை ஒரு பிரதி எடுக்கப் போனேன். இந்தக் குறுக்குவழி காட்டும் கோப்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. மூடினேன். மறுபடி தேடினேன், ஒன்றுதான் வந்தது, என்னுடையது. அட்டவணையை அன்றைக்கே திரும்பக் கட்டினேன், பிறகு எத்தனையோ தரம் கட்டியிருக்கிறேன். ஒன்றுதான். பழைய கணினியின் மிச்சம் எங்கேயாவது ஒட்டியிருக்கலாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் அந்தப் படம் என் பழைய கணினிக்குள் ஒருநாளும் வந்ததே இல்லை, அதுதானே அவள் விட்ட பிழை.

பூமணி குறை சொல்லவில்லை. எனக்குப் போதும் அண்ணன், முகம் வந்திட்டு என்றாள். கடப்பால் போகும்போது திரும்பி நின்றாள்.

“திங்கக்கிழமை கொண்டு வாறன் எண்டவளா? உங்களுக்குச் சொன்னவளா?”

அவளுக்கு நான் அதைச் சொன்னதே இல்லை, வராமல் போன திங்கட்கிழமையைச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது ஓம் என்றேன். அந்த வருடம் டிசம்பரில் பூமணி முதல் தடவையாக அமுது கொடுத்தாள். படம் வைக்கவில்லை, தேவையில்லை என்றாள்.

இரட்டைப் பாலத்தை நான் படத்தின் கோளாறு என்று எனக்குள்ளே முடிவு கட்டினேன். புதுப் பாலம் பற்றிய பேச்சு ஊரில் இருந்தது மெய், ஆனால் அப்போது வாகனம் ஓடின பாலம் பழைய இரும்புப் பாலம் ஒன்றுதான். 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள். திறந்த பிறகு ஒரு பின்நேரம் மூன்று பேரும் பார்க்கப் போனோம். வாவிக்கரையில் ஓர் இடத்தில் எனக்குக் கால் நின்றுவிட்டது. இரும்புப் பாலம், ஒட்டினாற்போல மற்றது, அந்த விளக்குக் கம்பங்கள், அதே கோணம். 2004இல் இறந்த பிள்ளைக்குப் பின்னால் நான் 2009இல் பார்த்தது இது. பூமணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மிக இயல்பாக, பஸ் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

“அந்தப் படம் இன்னும் எடுக்கல்ல போல.”

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. போன வருடம் கனடாவிலிருந்து பூமணியின் தங்கை மகள் வந்தாள், எல்லோருக்கும் சீலை கொண்டு வந்தாள். சரோவுக்கு நீலம். பூமணிக்குக் கடுகு நிறம், சிவப்புக் கரை. பையைப் பிரித்தபோது சரோ பக்கத்தில் இருந்தாள், படத்தில் கண்ட அதே கரையாம். பூமணி அதைத் தடவிப் பார்த்து, மடிப்புக் கலையாமல் அலுமாரிக்குள் வைத்தாளாம். உடுத்துப் பார்க்கச் சொன்னதற்கு, “இப்ப இல்ல மச்சாள், மறுகா” என்றாளாம்.

நான் அந்தக் கரைப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டேன். கணினியில் அவள் பெயரைத் தட்டுவதையும் விட்டுவிட்டேன். போன கிழமை சரோ பின்வேலிக்கு அருகே போய்விட்டு, திரும்பி வந்து குசினிக்குள் அடுப்படியில் இருந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். பூமணியின் கடுகு நிறச் சீலை உடுத்துத் தோய்த்துக் கொடியில் கிடக்கிறதாம்.