அக்கா இல்லாத ஆல்பம்

ராஜபாளையத்தில் ஸ்டுடியோ நடத்தும் ஜெபக்குமார் பதினாலு வருடம் கேமராவின் தலையில் இருக்கும் உருளையைத் திருகியதே இல்லை. அந்த உருளையில் ஒரு பச்சைக் கட்டம் உண்டு. அதில் வைத்துவிட்டால் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம், பிளாஷ் வேண்டுமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்துகொள்ளும். மனிதன் அமுக்கினால் போதும். இந்த ஏற்பாட்டில் அவர் ஏறக்குறைய எண்ணூறு கல்யாணங்களை முடித்துவைத்தார். மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் வெளிறும். பின்னால் நிற்பவர்கள் இருட்டுக்குள் போய்விடுவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. மாப்பிள்ளை வெளுப்பாகத் தெரிகிறார் என்று குறை சொல்லும் வீடு இந்தத் தாலுகாவில் இன்னும் கட்டப்படவில்லை.

உருளையில் பி, ஏவி, டிவி, எம் என்று வேறு எழுத்துகளும் இருந்தன. டிவி என்பது கேமராவைத் தொலைக்காட்சியோடு இணைப்பதற்கு என்று அவர் வெகுகாலம் நம்பினார். ஸ்டுடியோவில் தொலைக்காட்சி இல்லாததால் அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் வரவில்லை.

பச்சைக் கட்டத்துக்குள் அடங்காத ஒரே விஷயம் அவருடைய அக்கா தங்கபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார், பேருந்தில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைத் தம்பியால் ஒன்பது வருடமாகக் கடக்க முடியவில்லை.

காரணம் ஒரு கல்யாணம். அக்கா மகன் பெனினின் கல்யாணம். அதே தேதியில் ஒரு மில் முதலாளி வீட்டு விசேஷமும் வந்தது. ஜெபக்குமார் அக்கா வீட்டுக்கு வேறொரு போட்டோகிராபரை அனுப்பிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போனார். சாயங்காலம் மூச்சிரைக்க அக்கா வீட்டில் போய் நின்றபோது குரூப் போட்டோ எடுத்து, பந்தி முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பம் என்றால் ஆஜர் பட்டியல். யார் வந்தார், யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்று முப்பது வருடம் கழித்தும் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். தாய்மாமன் இல்லாத ஆல்பத்தைத் தங்கபாய் தம்பி முன்னால் விரித்துவைத்து, "இதுல நீ எங்கலே இருக்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்கவில்லை.

போன வருடம் ஜெபக்குமாரின் மகள் அக்சாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவரும் மனைவி ஹெப்சிபாவும் அழைப்பிதழோடு அக்கா வீட்டுக்குப் போனார்கள். அக்கா ஜன்னல் கம்பி வழியாக அதை வாங்கிக்கொண்டார்.

"அவிய வரமாட்டாவ. மனசைத் தேத்திக்கிடுங்க" என்றாள் ஹெப்சிபா, திரும்பும் பேருந்தில்.

"வந்தா ஆல்பத்துல மொதப் பக்கமே அவதான்" என்றார் ஜெபக்குமார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அக்கா வர வேண்டும்; வந்தது படத்தில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஜெயபாண்டி வருகிறார். அதே தெருவில் எதிர் ஸ்டுடியோ. நல்ல வேலைக்காரர், வாயும் நல்ல வேலைக்கார வாய். டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார்: "அண்ணாச்சி, பாப்பா கல்யாணத்தை நான் எடுத்துத் தாரேன். நீங்க கோட்டு போட்டு நில்லுங்க. உங்க உருளையை அந்தப் பச்சையில வச்சே பெவிக்கால் போட்டு ஒட்டிரலாம், துரு ஏறாம இருக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். ஜெபக்குமார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஐம்பத்திமூன்று வயதில் ஒரு மனிதன் கல்வி கற்க இதைவிட மோசமான காரணம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தியாகம் செய்துவிட்டு ஒருநாள் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கேதான் உருளையின் ரகசியங்கள் வெளிப்பட்டன. பி என்றால் கேமரா முடிவெடுக்கும். நாம் கொஞ்சம் ஆலோசனை சொல்லலாம். ஏவியில் லென்சின் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும் என்று நாம் சொல்ல, எவ்வளவு நேரம் என்பதை அது பார்த்துக்கொள்ளும். டிவியில் நேரத்தை நாம் சொல்ல, துவாரத்தை அது பார்த்துக்கொள்ளும். ஓடுவது, பறப்பது, விழுவது எல்லாம் உறைந்து நிற்க வேண்டுமானால் டிவி. அரைகுறை அதிகாரம் என்பது இதுதான். பாதி ஆணை நம்முடையது, மீதிப் பாடு கேமராவுடையது.

பயிற்சி கொடுத்தவர் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். "நீங்க கேட்ட நேரத்துக்கு வெளிச்சம் போதலன்னா, உள்ள துவார எண் மினுங்கும். ஆனா கேமரா உங்களத் தடுக்காது. அமுக்குனா எடுத்துரும்." நல்ல அலுவலகங்களில் இப்படிப்பட்ட குமாஸ்தாக்கள் உண்டு. 'ஐயா, இது சரிவராது' என்று தொண்டைக்குள் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்ததால் ஜெபக்குமார் இதைப் பாதி காதில்தான் வாங்கினார்.

கல்யாணத்தன்று மகளைச் சபைக்குள் கைபிடித்து அழைத்துப் போன தகப்பன், கோட்டும் டையும் அவற்றின் மேல் கேமராவுமாக நடந்தார். போதகர் ஒருமுறை பார்த்தார். பிறகு கர்த்தரிடம் விட்டுவிட்டார். ஸ்டுடியோவில் கிடந்த இன்னொரு பழைய கேமராவைப் பச்சைக் கட்டத்தில் வைத்து மைத்துனன் எட்வினிடம் கொடுத்திருந்தார். "ஒண்ணையும் தொடாத. அமுக்கு, போதும்."

"அத்தான், அமுக்கத்தான் நான் பொறந்தேன்" என்றான் எட்வின். அவன் கையில் தாலி கட்டுவது, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது எல்லாம் ஒழுங்காக விழுந்தன.

ஜெபக்குமாரின் லட்சியம் வேறு. மணமக்கள் சபை வாசலுக்கு வரும்போது தூவும் ரோஜா இதழ்கள் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஜெயபாண்டி அதைப் பார்க்க வேண்டும். உருளையை டிவிக்குத் திருகி, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தார். நல்ல வெயில். இதழ்கள் அந்தரத்தில் நின்றன. ஒவ்வொன்றின் ஓரமும் தெரிந்தது. பதினாலு வருடத்தில் முதல்முறையாக ஜெபக்குமார் தான் எடுத்த படத்தைத் தானே இரண்டாம் தடவை பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெப்சிபா கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, இங்க வாங்க. அவிய வந்திருக்காவ!"

சபைக்குப் பக்கவாட்டில் போதகர் உடை மாற்றும் சின்ன அறை. ஒரே ஜன்னல், அதையும் அலமாரி பாதி மறைத்திருந்தது. தங்கபாய் கூட்டத்துக்கு முகம் காட்டப் பிடிக்காமல் நேராக அங்கே வந்து அக்சாவை வரச்சொல்லியிருந்தார். தம்பி பக்கம் திரும்பவில்லை. தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி அக்சாவின் கையில் போட ஆரம்பித்தார். அது விரல் முட்டியில் மாட்டியது.

"ஏட்டி, கையை ஒடுக்கு. ஒங்கப்பன மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்காத."

அக்சா சிரித்துக்கொண்டே அழுதாள். தங்கபாய் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "என்னலே பாக்க? எடு."

எட்வின் அதற்குள் பிரியாணி அண்டாவை மேற்பார்வை பார்க்கப் போயிருந்தான். ஜெபக்குமார் எட்டுப் படம் எடுத்தார். கேமராவுக்குள் எண் மினுங்கியது. அவருக்குக் கண் நிறைந்திருந்தது; அதனால்தான் மினுங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். பச்சைக் கட்டத்தில் இருந்திருந்தால் பிளாஷ் தானாகவே தலையைத் தூக்கியிருக்கும். டிவியில் அது தூக்காது. எஜமான் சொல்ல வேண்டும். எஜமான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். போகும்போது, "அந்தப் படத்தை அனுப்பு, சட்டம் போட்டு மாட்டணும்" என்றார்.

மறுநாள் ஸ்டுடியோவில் எட்டுப் படங்களும் எட்டு இருட்டாக நின்றன. கம்ப்யூட்டரில் போட்டு இழுத்து இழுத்து வெளிச்சம் ஏற்றினார். ஆற்று மணலை அள்ளிக் கொட்டியது போல் புள்ளிகள் வந்தன. அந்த மணலுக்குள் ஜன்னல் பக்கமாக வளையலின் ஒரு விளிம்பு மட்டும், பிறை மாதிரி. முகங்கள் இல்லை.

மூன்றாம் நாள் அக்கா போனில் கூப்பிட்டார். "படம் என்னாச்சு?"

"வேலை நடக்குக்கா. கொஞ்ச நாள் ஆகும்."

இந்தப் பொய்யை அவர் இரண்டு மாதம் வளர்த்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போன் வரும்போதெல்லாம் நாளை சொல்லலாம் என்று தோன்றியது. பிறகு போன் வருவது நின்றது. ஆல்பம் அச்சாகி வந்தது. ஹெப்சிபா, "இனியும் போவலன்னா நானே போய்ச் சொல்லிருவேன்" என்றாள். ஆல்பத்தையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு அவர் பேருந்து ஏறினார்.

தங்கபாய் முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆலங்குளத்துச் சம்பந்திகள், செட்டியார்பட்டி மாமா, பிரியாணி மாஸ்டர்கூட இரண்டு பக்கத்தில் இருந்தார். கடைசிப் பக்கம் வரை போய் மூடினார்.

"பெனின் கல்யாணத்துக்கு ஈடு கட்டிட்ட. சரியாப் போச்சு."

"ஐயோ அக்கா, சத்தியமா இல்ல!" அவர் அச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்த அந்த மணல் படத்தை எடுத்து நீட்டினார். உருளை, ஆயிரத்தில் ஒரு பங்கு, இதழ், வெயில், அறை, துவாரம் எல்லாவற்றையும் சொன்னார். பயிற்சி முகாமில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அக்கா படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "வெளிச்சம் பத்தலன்னு அந்த மிசினு சொல்லிச்சா, இல்லியா?"

"சொல்லிச்சு. மினுங்குச்சு."

"பொறவு?"

"நான் கவனிக்கலக்கா."

"ஊருக்குப் பூ தெரியணும்னு வச்சத, எனக்குத் திருப்பி வைக்கத் தோணல."

ஜெபக்குமார் எழுந்து கேமராவை எடுத்தார். "இப்ப ஒண்ணு எடுத்துக்கிடுதேன்க்கா. ஆல்பத்துல ஒட்டிருதேன். இங்க செத்த பாரு."

"வளையலு அக்சா கையில இருக்கு. அவ பெங்களூர்ல இருக்கா. நான் வந்தது அன்னைக்கு. இன்னைக்கு நீதான வந்திருக்க? இரு, காப்பி போடுதேன்."

அடுப்படிப் பக்கம் திரும்பி நடந்தார். அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடி டம்ளரை எடுத்தார். சின்ன வயதிலிருந்து தம்பிக்கு அந்த வீட்டில் சில்வர் டம்ளர்தான். ஜெபக்குமார் அதைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் விரல் அமுக்கிவிட்டது. உருளை மறுபடியும் பச்சைக் கட்டத்தில் இருந்தது. பிளாஷ் தானாகத் தலையைத் தூக்கி மின்னியது.

படம் பழுதில்லாமல் வந்திருக்கிறது. சேலையின் ஒவ்வொரு மடிப்பும், கொண்டையில் செருகிய ஊசியும், கையிலிருக்கும் டம்ளரும் தெளிவாகத் தெரிகின்றன. அக்காவின் முதுகு.