எந்த பரவசெ?

அமைச்சரின் தலைக்கு அந்த மைசூர் பேட்டா தலைப்பாகை பெரிதாக இருந்தது. எங்கள் ஊழியர் சங்கத்தின் ஆண்டு விழாவில் சால்வை, பழக்கூடை, சந்தன மாலையோடு அதையும் தலையில் வைத்துவிட்டார்கள். பேசப் பேச அது நெற்றியை விட்டு இறங்கிப் புருவத்தில் உட்கார்ந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே அவர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசினார். பெங்களூரில் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க வேலை பார்த்தவன் நான். எத்தனையோ அமைச்சர்கள் பேசியதை வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருக்கிறேன். இதை மட்டும் மறக்க முடியவில்லை. அதற்குக் காரணம் அமைச்சர் அல்ல, எங்கள் அட்டெண்டர் அக்கா.

வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் ஆபீஸ் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. புருஷன் எங்கள் இலாகாவில் டிரைவராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு வேலை கிடைக்க வேண்டும். கிடைத்தது, ஆனால் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருவதற்குள் அரசாங்கம் ஓய்வூதியத்தையே மாற்றிவிட்டது. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பழையபடி, கடைசிச் சம்பளத்தில் பாதி ஆயுசுக்கும் உண்டு. பின்னால் சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள், அரசாங்கமும் ஒரு பங்கு போடும், அதை ஏதோ ஒரு கம்பெனி சந்தையில் போட்டு வளர்க்கும். வளர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அக்கா அந்தத் தேதிக்குச் சில வாரங்கள் பின்னால் சேர்ந்தவர்.

எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். திட்டம் நல்லதா கெட்டதா என்று சண்டை போட நான் வரவில்லை. அரசாங்கத்தால் சுமக்க முடியவில்லை என்றால், முடியவில்லை, இனி உங்கள் முதுமையின் பயத்தை நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டார்கள். இதற்குப் பெயர் சீர்திருத்தம். தனியார்மயம் என்ற வார்த்தையை ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. சந்தை ஏறினால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டவரிடம் டீ சாப்பிடுங்கள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? பழையதைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள்; பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் அவர்களும் டீதான் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் தங்கள் சொந்த ஓய்வூதியத்தைச் சந்தையில் விடுவதாகப் பேசியதை நான் கேட்டதில்லை.

எங்கள் இலாகாவில் அக்காவைப் போல, இலாகாவின் தாமதத்தாலேயே தேதியைத் தவறவிட்டவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து வழக்குப் போட முடிவு செய்தார்கள். வக்கீலைப் பார்த்தாகிவிட்டது, கையெழுத்துத் தாள் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த ஆண்டு விழா. மறுநாளே சங்கச் செயலாளர் அமைச்சரின் பேச்சை நோட்டீஸாக அடித்து எல்லோருக்கும் கொடுத்தார். அவர் பொல்லாதவர் இல்லை, அமைச்சரோடு கெடுத்துக்கொள்ளப் பயந்தவர், அவ்வளவுதான். வழக்கு என்று போனால் அமைச்சர் மனம் நோவார், நம் தமிழ் ஆட்கள் உன் பேச்சைக் கேட்பார்கள், நீயே எடுத்துச் சொல்லு என்று என்னிடம் கன்னடத்தில் கெஞ்சினார். அவருக்கும் எனக்கும் பழைய ஓய்வூதியம். எங்கள் இருவருக்கும் இதில் போக ஒன்றும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மத்தியானம் அக்கா நோட்டீஸோடு என் மேசைக்கு வந்தார். கன்னடம் என்னைவிடச் சரளமாகப் பேசுவார். படிக்க மட்டும் வராது. நான் படித்துக் காட்டினேன். பழைய ஓய்வூதியம் இவர்களுக்கும் கிடைக்கும் என்ற பரவசெ அரசாங்கத்துக்கு 'இதெ', அதாவது இருக்கிறது, என்று முடிந்தது அந்த வரி. பரவசெ என்பது கன்னடத்தில் ஒரு பொல்லாத சொல். கொடுத்த வாக்குக்கும் அதுதான், வெறும் நம்பிக்கைக்கும் அதுதான். 'கொட்டித்தேவெ', கொடுத்திருக்கிறோம், என்று வந்தால் வாக்கு. 'இதெ' என்று வந்தால், நடந்தால் சந்தோஷம் என்று அர்த்தம். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்து, கன்னடத்தில் கோப்பு எழுதியே தலை நரைத்தவனுக்கு இது தெரியாதா?

அக்கா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"இது எந்த பரவசெ சார்? நாளைக்கு மழை வரும்ன்ற பரவசெயா, பொண்ணு குடுக்கறேன்னு தட்டு மாத்திக்கற பரவசெயா?"

இத்தனை வருட விவாதத்தில், பேப்பரிலும் டிவியிலும் இவ்வளவு பேர் கத்தியதில், இதைவிட நேரான கேள்வியை நான் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும். செயலாளர் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவை வேறு திறந்து வைத்திருந்தேன்.

"தட்டு மாத்தினதுதான்மா," என்றேன்.

அவர் நோட்டீஸை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார். கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்கள் சில வருடங்கள் கோர்ட்டுக்கு அலைந்து ஜெயித்தார்கள். வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் பழைய ஓய்வூதியம் பொருந்தும் என்று உத்தரவு வந்தது. மற்றவர்களைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டி இன்னும் ஆராய்கிறது. அமைச்சர் கட்சி மாறிவிட்டார். போன தேர்தலில் டிவியில் பார்த்தேன், சால்வையின் நிறம்தான் வேறு, பரவசெ அதேதான். ரிமோட்டைத் தூக்கிப் போட்டதில் பின்மூடி உடைந்தது. அமைச்சரை அப்படித் திட்டிக்கொண்டிருந்தவனை, நீங்க என்ன ஒழுங்கா என்று என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

சென்ற மாதம் மகள் வீட்டுக்குப் போனேன். புது அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் நீலச் சீருடை போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி தரை துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா. ஓய்வு பெற்ற கையோடு இங்கே ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்துவிட்டாராம். ஓய்வூதியக் கம்பெனி கொடுப்பது மருந்துக்கே சரியாகப் போகிறது, வேறு என்ன செய்வது என்று சாதாரணமாகச் சொன்னார். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அன்றைக்கு அந்த வரியின் அர்த்தம் தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன், வாக்கு என்று அதில் எழுதவே இல்லை என்று கொட்டிவிட்டேன்.

அக்கா மாப் கட்டையைச் சுவரில் சாய்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியலம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாகூட போதும் சார். கையெழுத்து போட்டிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். கீழேயிருந்து சூப்பர்வைசர் கூப்பிடும் குரல் கேட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி, படியெல்லாம் ஈரமாக இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்றார்.